சுவரோரப் பாத்தியை மாத்தின கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் நலம், அங்க நீயும் மாப்பிள்ளையும் நலமான்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே பொய் எழுத மனசு வரல. நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும், அதை மட்டும் மனசார எழுதுறேன். எங்க சுகத்தைப் பத்திச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இந்தக் காலத்துல கடிதமா, ஃபோன்ல சொன்னா வாய் நோகுமான்னு நீ நினைப்ப. ஃபோன்ல கூடத்துல பேசினா சமையல்கட்டுல இருக்கிற அம்மாவுக்குக் கேட்கும், மாடியில பேசினாலும் கேட்கும், தெருமுனைக்குப் போய்ப் பேசினா எதுக்குத் தெருமுனைக்குப் போனீங்கன்னு கேள்வி வரும். அவ காது இப்போ அவ்வளவு கூர்மை. மெசேஜ் அனுப்பலாம்னா அந்தப் பொடி எழுத்தைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மெஷினையே கழட்டிப் பூட்டிடுவேன், நீயும் பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொலைப்ப, அதை வீடே கேட்கும். அதனால கூரியர்ல அனுப்புறேன். வேலைக்குப் போற அவசரத்துல நின்னுக்கிட்டே பிரிக்காதே. உக்காந்து படி.

அம்மாவுக்குக் கண் போயிட்டிருக்கு. எப்படிச் சுத்தி வளைச்சு எழுதினாலும் கடைசியில இந்த வரிக்குத்தான் வந்து நிக்கணும், அதனால முதல்லயே போட்டுட்டேன். பயப்படாதேன்னு எழுத மாட்டேன், நானே பயந்து போய்த்தான் இருக்கேன். முதல்ல எனக்கே தெரியல. ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பிச்சா, வயசாச்சுல்ல, கண்ணாடியை மாத்திக்கோன்னு சொன்னேன். அப்புறம் ஒருத்தருக்கு யூனிஃபார்ம் தைச்சுக் கொடுத்தா பாரு, கருநீலத் துணியில சாம்பல் நூல். அந்த ஆள் வாசல்ல வந்து கத்துறான், நான் பதிலுக்குக் கத்துறேன், உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ரெண்டு தெரு கேட்கிற மாதிரி சண்டை. அவ உள்ளே நின்னு அந்தச் சட்டையை ஜன்னல்கிட்ட கொண்டு போறா, கிட்டத்துல வச்சுப் பாக்குறா, தள்ளி வச்சுப் பாக்குறா, ரெண்டும் ஒரே நிறமாத்தானே இருக்குன்னு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டா. நான் பல்பு மேல பழியைப் போட்டேன். அன்னிக்கே கடைக்குப் போய் இருக்கிறதுலயே பெரிய பல்பா வாங்கி வந்து தையல் மெஷினுக்கு மேல மாட்டினேன். மாட்டி என்ன பிரயோஜனம், வெளிச்சம்தான் கூடிச்சு.

போன வருஷம் கோடைக்கு முன்னாடி கண் ஆஸ்பத்திரியில மருந்து ஊத்தி, இருட்டு அறையில உக்கார வச்சு, எந்திரத்துல தாடையை வைக்கச் சொல்லி எல்லாம் பாத்தாங்க. அந்த டாக்டரம்மா உன் வயசுதான் இருக்கும். அம்மா கண்ணை மூடி பெஞ்சுல உக்காந்திருந்தப்ப என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, புரையா இருந்தா எடுத்துட்டு லென்ஸ் வச்சுடலாம், இது கண்ணுக்கு உள்ளே பின்பக்கமா இருக்கிற திரை, அது உதிருது, அதுக்கு மாத்துப் பொருள் கிடையாதுன்னு சொன்னாங்க. சொட்டு மருந்தை விடாம ஊத்தினா கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். அடுத்த வருஷம், அதாவது இந்த வர்ற கோடை முடியறதுக்குள்ள ஆளோட முகம் தெரியாம போகலாம், அப்புறம் வெளிச்சமும் நிழலும் தெரியும்னாங்க. நான் ஒரு முட்டாள், எந்தக் கலர் முதல்ல போகும்னு கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல. வெளிர் நீலம், ஊதா, வெள்ளை எல்லாம் ஏற்கெனவே ஒரே சாம்பலாத்தான் தெரியும், பளிச்சுன்னு இருக்கிற சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் இன்னும் கொஞ்ச காலம் பிடிபடும்னு பொறுமையா பதில் சொன்னாங்க, நல்ல பொண்ணு. பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன், என்ன சொன்னாங்கன்னு அம்மா கேட்டா. மருந்தை ஊத்தினா சரியாயிடுமாம், ஊத்த மறந்தா என்னைத் திட்டுவாங்களாம்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. என் சிரிப்பு அன்னிக்கு என் காதுக்கே நல்லா இல்ல.

உனக்கும் சொல்லல. நீ போன தடவை ஃபோன்ல, லீவு கேட்டுப் பாக்கட்டுமாப்பா, வந்து ரொம்ப நாளாச்சேன்னு கேட்டப்ப, இங்க ஒண்ணும் அவசரமில்ல, புது வேலை, முதல்ல கால் ஊனிக்கோ, அடுத்த வருஷம் வான்னு சொன்னேனே, அது பச்சைப் பொய். நீ வந்து அவ முகத்தைப் பாத்து அழுதுட்டா அவளுக்குத் தெரிஞ்சு போயிடுமேன்னு பயம். உன்னைச் சின்னதுல இருந்து கண்ணு கண்ணுன்னுதான் கூப்பிட்டேன், இப்போ இந்தக் கடிதத்தை அந்த வார்த்தையில ஆரம்பிக்கப் போய் கை நின்னுடுச்சு. அப்படியே நாலு தாளைக் கிழிச்சுப் போட்டேன்.

இனி பாத்தி விஷயத்துக்கு வர்றேன், அங்கதான் என் புத்தி புல் மேயப் போச்சு. கேட்டுல இருந்து வாசப்படி வரைக்கும் சுவரை ஒட்டி அம்மா வச்சிருந்த பாத்தி உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அடியோட வெட்டி விட்டாலும் மறுபடி தானே கிளம்பி வர்ற செடிங்க. கேட்டுகிட்ட லாவெண்டர், அப்புறம் நீல சால்வியா, வெள்ளை டெய்சி, வாசப்படிகிட்ட கத்தி மாதிரி இலை விடுற ஐரிஸ், நடுவுல எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு இடம் பிடிக்கிற அந்த ஊதாப்பூச் செடி. அதுக்கு அவ நாத்தனார்னு பேர் வச்சிருந்தா. என் அக்காவைத்தான் சொல்றான்னு எனக்குத் தெரியாதா என்ன, அக்காவுக்கே தெரியும், வந்தா அந்தச் செடிக்குத்தான் முதல்ல தண்ணி ஊத்துவா. மொத்தமும் நீலம், ஊதா, வெள்ளை. வெயில் காலத்துல வெளிய போயிட்டு வர்றவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்னு அம்மா தேடித் தேடி நட்டது. போன கோடையில ஒரு சாயங்காலம் டீ டம்ளரோட அங்க போய் நின்னா. பாத்தி பூத்துக் குலுங்குது, தேனீ வேற சுத்திக்கிட்டு இருக்கு. அவ திரும்பி, இந்த வருஷம் ஏன் இன்னும் பூக்கவே காணோம்னு கேட்டா. ஆமா, வெயில் போதல, அதான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது சொல்லு. வெயில் மண்டையைப் பிளக்குது, வெயில் போதலன்னு சொல்றேன் நான்.

அன்னியில இருந்து எனக்கு இதே வேலை. அவளுக்கு எது தெரியுது எது தெரியலன்னு வேவு பாத்தேன். சிவப்பு வாளியை நேரா போய் எடுக்குறா, பக்கத்துல இருக்கிற நீல வாளியைத் துழாவுறா. வாசப்படி ஓரத்துல மஞ்சள் பெயின்ட் அடிச்சேன், கேட்டு தாழ்ப்பாளுக்குச் சிவப்பு அடிச்சேன், டப்பாவுல மிச்சம் இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு அடிச்சேன்னு சொன்னேன். வீடு சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆயிட்டு வருதுன்னா அவ. சரி, மண்டையில ஒரு யோசனை உக்காந்துக்கிச்சு. அடுத்த கோடைக்கு அந்தப் பாத்தி முழுக்க சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமா இருந்தா அவளுக்குத் தெரியுமே, கடைசியா ஒரு கோடை அவ ஆசை தீரப் பூவைப் பாத்துடுவாளேன்னு. எப்படி அவகிட்ட கேட்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். குளிர் முடியற சமயம் உன் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்கணும்னு அம்மா கிளம்பினா. பையைத் தூக்கிக்கிட்டு கேட்டுகிட்ட நின்னு, செடியெல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது, நான் வந்ததும் இந்தப் பாத்தியை மாத்தணும்னு சொன்னா. எனக்கு அது அசரீரி மாதிரி கேட்டுச்சு. அவளே சொல்லிட்டா!

நான் ஃபிட்டர். ஆயுசு பூரா ஒர்க்‌ஷாப்புல பெல்ட்டை மாத்தணும், பேரிங்கை மாத்தணும், வாஷரை மாத்தணும்னா என்ன அர்த்தம்? பழசைக் கழட்டித் தூரப் போட்டுட்டுப் புதுசைப் பூட்டுறது. செடிக்காரங்களுக்கு மாத்துறதுன்னா அது இல்லையாம். இருக்கிற செடியையே வேரோட எடுத்து, ரெண்டா மூணாப் பிரிச்சு, இடம் மாத்தி அதே மண்ணுல திரும்ப நடுறதாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணியிருக்கேன், அவ அதைச் செய்யறப்ப மண் சட்டியைக் கூடத் தூக்கிக் கொடுத்திருக்கேன், அந்த வார்த்தை மட்டும் என் காதுல என் பாஷையிலதான் விழுந்துச்சு. நான் வந்ததும்னு அவ சொன்னது காதுல விழவே இல்ல. வேணுங்கிறது மட்டும்தான் இந்த மனுஷனுக்குக் கேட்கும்னு உன் அம்மா என்னைச் சொல்றது வாஸ்தவம்தான்.

அவ போன மறுநாளே மண்வெட்டியை எடுத்துட்டேன். குளிர்ல வெட்டி விட்ட கட்டைங்க, எல்லாம் காய்ஞ்சு கிடக்கிற மாதிரிதான் இருந்துச்சு, தோண்டினா அடியில வேர் அவ்வளவு தடிமன், கடப்பாரை போட்டுத்தான் பேர்த்தேன். முதுகு விட்டுப் போச்சு, விடுவேனா. தோட்டக் கழிவு எடுக்கிற வண்டி வந்தப்ப மொத்தத்தையும் தூக்கி ஏத்தினேன். நாத்தனார்ல ஒரு வேரை மட்டும் எதிர்வீட்டு டீச்சர் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நர்சரிக்குப் போனேன், அங்க ஒரு அம்மா, சிவப்புன்னு வாயைத் திறந்தாலே நாலு தொட்டியைத் தூக்கி வைக்குது, சார் இது பூத்தா உங்க வாசல்ல சிக்னல் விழுந்த மாதிரி வண்டியெல்லாம் நிக்கும்னு சொல்லுது. எனக்கு அதுதானே வேணும். மண்ணைக் கொத்தி மக்கின உரம் கலந்து, ஒர்க்‌ஷாப் பழக்கம் விடுமா, நூல் கட்டி ரசமட்டம் வச்சு நட்டேன். சுவரோரம் உயரத்துக்குச் சிவப்புக் கல்வாழை, அதுக்கு முன்னாடி ஆரஞ்சு லில்லி, நடைபாதை ஓரமா மஞ்சள் செவ்வந்தி. தண்ணி ஊத்தி நிமிர்ந்து பாத்தப்ப நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இவ்வளவு சந்தோஷமா நான் எதையும் கெடுத்ததில்ல.

அம்மா வந்து இறங்கின நாளை எப்படி எழுதுறதுன்னு தெரியல. வண்டிச் சத்தம் கேட்டு நான் வாசப்படியில நின்னேன், ஒண்ணும் சொல்லாம, பல்லைக் காட்டிக்கிட்டு, அவளே பாக்கட்டும்னு. கேட்டைத் திறந்ததும் அவ வழக்கமா என்ன செய்வான்னு எனக்குத் தெரியும், ஆனா அதை நான் ஒரு வழக்கம்னே நினைச்சதில்ல. குனிஞ்சு லாவெண்டரைக் கசக்கி விரலை மோந்து பாத்துட்டுத்தான் உள்ளே வருவா. அன்னிக்கும் குனிஞ்சா, கையை நீட்டினா, வெறும் ஈர மண். கொஞ்சம் தள்ளித் தொட்டுப் பாத்தா, அங்கயும் மண். எழுந்து நின்னா. ரெண்டு எட்டு பின்னால வச்சு கேட்டுக்கு வெளிய போய், என்னைப் பாத்து, என் முகத்தைப் பாத்து, மன்னிச்சுக்கோங்க, வீடு தெரியாம வந்துட்டேன், இது எந்த வீடுங்கன்னு கேட்டா. அம்மாடி, என்கிட்ட கேட்டா. என்னை யாரோன்னு நினைச்சு ‘ங்க’ போட்டுக் கேட்டா. நான்தாம்மா, நம்ம வீடுதான்னு சொன்னதும் அவ முகம் போன போக்கு இருக்கே, அதை என் எதிரி கூடப் பாக்க வேண்டாம்.

பாத்தியை மாத்திட்டேன், நீதானே சொன்னன்னு இழுத்தேன். அவ கீழ உக்காந்து ஒவ்வொரு செடியாத் தொட்டுக்கிட்டே வாசப்படி வரைக்கும் வந்தா. என் செடியெல்லாம் எங்கன்னு கேட்டா. வண்டியில போட்டுட்டேன், இதெல்லாம் கலர் கலரா பூக்கும் பாருன்னேன். மாத்துறதுன்னா இதுவான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. திட்டுவான்னு பாத்தேன், திட்டல. உள்ளே போயிட்டா. திட்டாத அம்மாவை நீ பாத்திருக்கியா? நான் கல்யாணமான நாள்ல இருந்து பாத்ததில்ல.

அதுக்கப்புறம் இந்த வீட்டுல பேச்சு இல்ல. சாப்பிட வாங்க, தாழ்ப்பாள் போட்டீங்களா, இவ்வளவுதான். தையல் மெஷின் இருக்கிற பின்அறையில போய் உக்காந்துக்கிறா, வாசப்பக்கம் வர்றதே இல்ல. அதைக்கூடப் பொறுத்துக்குவேன், சொட்டு மருந்தை நிறுத்திட்டா. நான் சீசாவை எடுத்துக்கிட்டுப் போனா முகத்தைத் திருப்பிக்கிறா, வேண்டாம்னா விடுங்களேன், எதுக்கு அதுன்னு சொல்றா. கெஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன், நீ குழந்தையா இருந்தப்ப மருந்து கொடுக்க ஒளிஞ்சு பிடிச்சு விளையாடினோமே, அந்த மாதிரிகூட ஏதோ கோமாளித்தனம் பண்ணிப் பாத்தேன். அசையல. இந்த மருந்துதான் அவளுக்குக் கொஞ்ச நாளைத் தருதுன்னு டாக்டரம்மா சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொல்லாம எப்படி அவளை ஊத்திக்க வைக்கிறது? செடியை ஏன் பிடுங்கினேன்னு கேட்டா, உனக்கு நீலம் தெரியல, இனி எதுவுமே தெரியப் போறதில்லன்னு சொன்னாத்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். அதைச் சொல்றதுக்குப் பதிலா நான் கல்நெஞ்சக்காரன்னு பேர் வாங்கிக்கிறதே மேல்னு இருந்துட்டேன். ஆனா அது அவ கண்ணுல போய் விடியுது.

கழிவு கொட்டுற இடத்துக்குப் போனேன். ஊரெல்லாம் வெட்டின செடி அங்க குவிஞ்சு கிடக்கு, மலை மலையா, ஆவி பறக்குது. எந்தக் குவியல்னு காவல்காரரைக் கேட்டா, சார் குப்பைக்கு நான் எங்க போய் அடையாளம் சொல்றதுங்கிறார். கையால கிளறினேன். ஏறினா வழுக்குது, ஒரு தடவை முழங்கால் வரைக்கும் உள்ளே போயிட்டேன், அவர்தான் இழுத்து வெளிய விட்டார். வீட்டுக்கார அம்மா நகையைப் போட்டுட்டாங்களான்னு கேட்டார், ஆமான்னேன். கிடைச்சது என் உடம்பு அரிப்புதான். அப்புறம் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன், அவங்க ஒரு வார்த்தை கேட்காம நாத்தனாரைப் பேர்த்துக் கொடுத்தாங்க. லாவெண்டர் போச்சு, சால்வியா போச்சு, அது மட்டும் தொட்டி நிறைய துளிர் விட்டு ஜம்முன்னு இருக்கு, என் அக்காவேதான். அதைக் கொண்டு வந்து பின்அறை ஜன்னல்கிட்ட வச்சேன். அம்மா இலையைத் தொட்டுப் பாத்துட்டு, இதை மட்டும் எப்படி விட்டு வச்சீங்கன்னு கேட்டா, சிரிக்கப் போறான்னு நினைச்சேன், அழுதுட்டா. தேம்பித் தேம்பி அழுதா. நான் பக்கத்துல நின்னேன், தொட பயமா இருந்துச்சு.

அதனாலதான் நேத்து மத்தியானம் உனக்கு இதை எழுத ஆரம்பிச்சேன். முதல்ல எழுதினது வேற. நீ அவகிட்ட ஒரு பொய் சொல்லணும்னு கேட்டு எழுதியிருந்தேன். சிவப்பு மஞ்சளா நடச் சொன்னது நீதான், அப்பா உன் பேச்சைக் கேட்டு ஆடிட்டார், மருந்தை ஊத்திக்கலன்னா நீ சாப்பிட மாட்ட, அது இதுன்னு. என் மேல இருக்கிற கோபத்தை உன் மேல திருப்பி விட்டுத் தப்பிக்கலாம்னு பாத்திருக்கேன் பாரு, வெட்கமா இருக்கு. அந்தத் தாளை முடிக்கவே இல்ல, ஏன்னா எழுதிக்கிட்டு இருக்கிறப்பவே அம்மா வந்துட்டா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து மேஜை மேல கையை ஓட்டினா, தாள் தட்டுப்பட்டுச்சு. யாருக்கு எழுதுறீங்கன்னா. மின்சார ஆபீசுக்கு ஒரு புகார்னேன். மின்சார ஆபீசுக்கு எழுதறப்ப நீங்க திட்டிக்கிட்டே எழுதுவீங்க, மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுத மாட்டீங்கன்னு சொல்லிட்டு எதிர் நாற்காலியில உக்காந்தா.

அப்புறம் அவளா பேசினா. டாக்டர் உங்ககிட்ட எவ்வளவு நாள் சொன்னாங்கன்னு கேட்டா. நான் என்ன நாள், எந்த டாக்டர்னு உளறினேன். நீங்க மருந்து வாங்க வரிசையில நின்னப்ப நான் திரும்ப உள்ளே போய் நேராக் கேட்டுட்டேன், எனக்கு அன்னியில இருந்தே தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு நான் வாயைத் திறக்கலன்னா. போன கோடையில பூத்திருந்ததும் தெரியுமாம், வாசனை வந்துச்சாம், தேனீ சத்தம் கேட்டுச்சாம், நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்னா. நீங்க வெயில் போதலன்னு சொன்னதும் உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சோன்னு சந்தேகம் வந்துச்சு, சரி, நீங்க மறைச்சா நானும் மறைக்கிறேன்னு இருந்துட்டேன்னா. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு வச்சிருக்கோம். பாத்தியை மாத்தணும்னு அவ சொன்னது எதுக்குத் தெரியுமா? லாவெண்டரைப் பிரிச்சு நடைபாதை நெடுக நட்டு, கையைத் தொங்க விட்டுக்கிட்டு நடந்தா அதைத் தொட்டுக்கிட்டே வாசப்படி வரைக்கும் வந்துடலாம், கத்தி இலை கையில பட்டா படி வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம், கண் இருக்கிறப்பவே நட்டு கை பழகிட்டா அப்புறம் யாரையும் பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டாம்னுதான். நான் அவ கைத்தடியைப் பிடுங்கி வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கேன்.

கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சுக்கோன்னு கேட்டேன். நீங்க நட்டது பூக்கட்டும், வேண்டாம்னு சொல்லல, ஆனா மனசு ஆறலன்னு நேராச் சொல்லிட்டா. ஆறாதுதான், நான் யார்கிட்ட போய்க் குறை சொல்றது. சிவப்பைப் பாக்கவாவது மருந்தை ஊத்திக்கோ, கெஞ்சிக் கேட்கிறேன்னேன். அப்போதான் அவ சொன்னா, பூவைப் பாக்கிறதுக்கா நான் இந்தக் கண்ணைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு இது கூடவா தோணல, நம்ம பொண்ணை வரச் சொல்லுங்கன்னு. புது வேலை, லீவு கிடைக்காதுன்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள, அவ வர்ற தேதியைச் சொல்லுங்க, அந்தத் தேதி வரைக்கும் மருந்தை ஊத்திக்கிறேன், அதுக்கு மேல எனக்கு வேண்டியதில்லன்னு சொல்லிட்டா. பேரம் பேசுறா அம்மாடி, தன் கண்ணை வச்சு என்கிட்ட பேரம் பேசுறா. சரின்னுட்டேன். உன்னைக் கேட்காம வாக்குக் கொடுத்துட்டேன், மகள் வந்துடுவா, இதோ கிளம்பிட்டான்னு. இன்னிக்குக் காலையில தானாவே தலையைப் பின்னால சாய்ச்சு உக்காந்தா, நான்தான் ஊத்தினேன், ரெண்டு சொட்டு கன்னத்துல போச்சு.

அதனால இனி அவசரமில்லன்னு நான் சொன்னதையெல்லாம் அழிச்சுடு. அவசரம்தான். வேலையில கேளு, கொடுக்கலன்னா சண்டை போடு, என் பொண்ணுதானே நீ, அதுக்கும் மசியலன்னா நான் அந்த மேலாளர்கிட்ட பேசுறேன், எந்த பாஷையா இருந்தா என்ன, அழுதா புரியும். மாப்பிள்ளை தனியா சமாளிச்சுக்குவார், அவருக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லு, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நீயும் இதைப் படிச்சுட்டு வெறும் வயித்துல உக்காந்து அழாதே. டிக்கெட் போட்டதும் தேதியை மட்டும் ஃபோன்ல சொல்லு, கூடத்துல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாவே சொல்லு, அம்மா பக்கத்துலதான் நிப்பா. நீ நல்லா இருக்கணும், எங்க ஆயுசுல மிச்சம் இருக்கிறதையும் சேர்த்து நீ நல்லா இருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு, மறந்துடாதே, இது அம்மா சொல்லி எழுதுறது. கேட்டைத் திறக்கிறப்ப அம்மான்னு கூப்பிடாதே. உன் குரல் கேட்டா அவளுக்கு உடனே தெரிஞ்சிடும், அது வேண்டாமாம். செருப்பைக் கழட்டிட்டு, சத்தமே இல்லாம வந்து, வெளிச்சம் உன் முகத்துல விழுற மாதிரி அவ எதிர்ல ரொம்பக் கிட்டத்துல வந்து நிக்கணுமாம். எவ்வளவு நேரமானாலும் நீ வாயைத் திறக்கக் கூடாதாம். அவளே பாத்து, நீதான்னு அவளே சொல்லணுமாம்.

வழி பாத்துக்கிட்டு,
உன் அப்பா